களைமருந்தும் அயலான் பருத்தியும்

2,4-டி என்னும் களைமருந்தைக் களையைச் சுட்டெரிக்கும் விஷமென்றே பலர் கருதுகின்றனர். அஃது உண்மையன்று. செடியை வளர்க்கும் ஆக்ஸின் என்னும் பொருளின் போலியே அம்மருந்து.

1926-ம் ஆண்டில் ஹாலந்து தேசத்து உட்ரெக்ட் நகரில் வென்ட் என்பவர், ஓட்ஸ் முளையின் நுனியினின்று இறங்கும் ஆக்ஸினே அதனை வளரச் செய்கிறதென்று நிரூபித்தார். பரம்பரைக் குணங்களைத் தாங்கும் ஜீன்களின் இழை, ஹிஸ்டோன் என்னும் புரதங்களின்மேல் நூற்கண்டு போல் சுற்றப்பட்டுள்ளது. இறுகிய இடத்தில் ஜீன் உறங்கும். தளர்ந்த இடத்தில் விழிக்கும். ஆக்ஸின் வந்தால், கண்டை இறுக்கி வைக்கும் தடைப் புரதங்கள் அழிய, வளர்ச்சி ஜீன்கள் விழிக்கின்றன. இயற்கை ஆக்ஸினைச் செடி அளவுக்குள் அடக்கும். 2,4-டியை அகன்ற இலைச் செடிகள் எளிதில் அடக்கமாட்டா. வளர்ச்சி முறைதவறி அவை மடிகின்றன, நெல் தப்புகிறது.

பருத்தியும் அகன்ற இலைச் செடியே. காற்றில் மிதந்து வரும் சிறுதுளியும், கழுவாத தெளிப்பானில் தங்கிய மிச்சமும் அதற்குப் போதிய கேடாகும். ஆதலின் இம்மருந்து தெளிப்பது ஒருவரின் சொந்தக் காரியம் மாத்திரமன்று. நிலச்சுவான்தார்கள் இதற்கெனத் தனித் தெளிப்பான் வைத்தல் வேண்டும். காற்று வீசும் வேளையில் தெளிப்பதைக் கிராம அதிகாரிகள் தடுத்தல் அவசியம்.