மாதிரிப் பரீட்சையும் ‘எந்தத் தெரு?’ என்கிற கேள்வியும்

காரவள்ளியில் பஸ் நிற்கும்போது மேலே போகிற சனம் ஒருதரம் மூச்சு வாங்கிக்கொள்ளும். இதற்கு அப்புறம் 70 கொண்டை ஊசி வளைவு. அதைத் தாண்டினால்தான் கொல்லிமலை. அந்த அடிவாரத்துக் காலனியில், சமுதாயக் கூடம் என்று பேர் எழுதிய ஒரு கட்டடத்தில், ஞாயிற்றுக்கிழமைகளில் நாங்கள் சில பேர் பிள்ளைகளுக்கு இங்கிலீஷ் சொல்லிக்கொடுக்கிறோம். காலனிப் பிள்ளைகள் வருகிறார்கள். மலையிலிருந்து இறங்கி விடுதியில் தங்கிப் படிக்கிற பழங்குடிப் பிள்ளைகளும் வருகிறார்கள். நாற்காலி நாலு இருக்கிறது. மற்றவர்களுக்குத் தரை.

அங்கே வருகிற ஒரு பெண். அப்பாவுக்குக் கோழிப்பண்ணையில் கூலி வேலை. பிளஸ் டூவில் இங்கிலீஷில் 91 மார்க்கு. இப்போது பட்டப்படிப்பு கடைசி வருசம். வெளிநாட்டில் எம்.ஏ. படிக்க வேண்டும் என்று ஆசை. அதற்கு ஐ.இ.எல்.டி.எஸ். எழுத வேண்டும். சரி, ஒரு மாதிரிப் பரீட்சை வைத்துப் பார்ப்போம் என்று உட்கார்ந்தோம். கேட்டல், வாசித்தல், எழுதுதல் மூன்றும் தட்டுத் தடுமாறி முடிந்தது. கடைசியாகப் பேச்சு. பதினொன்றிலிருந்து பதினாலு நிமிசம். பரீட்சை வைக்கிற ஆள் நான்.

முதல் கேள்வி எப்போதும் சுலபமானது. ‘வேர் ஆர் யூ ஃப்ரம்?’

பிள்ளை வாயே திறக்கவில்லை. அப்புறம் மெதுவாக ‘நாமக்கல்’ என்றது. உன் ஊரைப் பற்றிச் சொல் என்று அடுத்த கேள்வியை இங்கிலீஷில் கேட்டேன். தலை குனிந்துவிட்டது. 91 மார்க்கு வாங்கிய பிள்ளைக்குத் தன் ஊரைப் பற்றி நாலு வாக்கியம் வரவில்லையா? எனக்குக் கோபம் வந்தது. கத்தியும்விட்டேன். அப்போது அது சொன்னது:

“இல்லீங்ண்ணா. ஊரச் சொன்னா அடுத்தது எந்தத் தெருன்னு கேப்பாங்கல்ல?”

நான் பரீட்சைத் தாளை மூடி வைத்தேன். இங்கிலீஷ் வராமல் அந்தப் பிள்ளை வாயை மூடவில்லை. தமிழில் பன்னிரண்டு வருசமாக அதன் காதில் விழுந்த கேள்வி அதன் வாயை மூடியிருந்தது. எந்த ஊரு? ஊருக்குள்ளயா, காலனியா? யாரு வூட்டுப் புள்ள? பேச்சுத் தேர்வுக்கு உலகம் பூராவும் முதலில் கேட்கிற சாதாரணக் கேள்வி, நம்ம பிள்ளைக்குச் சாதி விசாரணையாகக் கேட்கிறது. இதை எந்த கைடு, எந்த மாதிரி வினாத்தாள் கண்டுகொண்டிருக்கிறது?

இது இன்றைக்கு வந்த நோய் இல்லை தோழர்களே. இரட்டைமலை சீனிவாசன் கோயம்புத்தூரில் படித்த காலத்தைத் தன் வரலாற்றில் எழுதியிருக்கிறார். மற்ற மாணவர்களோடு நெருங்கிப் பழகினால் சாதி, குடும்பம், இருப்பிடம் தெரிந்துவிடும் என்று பயந்து, மணியடித்த பிறகுதான் வகுப்புக்குள் போவாராம், வகுப்பு விட்டதும் விறுவிறுவென்று வீட்டுக்குப் போய்விடுவாராம். நூறு வருசத்துக்கும் முந்திய கதை. அந்தப் பையன்தான் வளர்ந்து, 1893இல் ‘பறையன்’ என்று பத்திரிகைக்குப் பேர் வைத்தான். மறைத்த பேரையே தலைப்பாக்கினான்.

அதே காலத்தில்தான் ஐ.சி.எஸ். பரீட்சையை இந்தியாவிலும் நடத்து என்று காங்கிரஸ்காரர்கள் கேட்டார்கள். சீனிவாசன் அதை எதிர்த்து ஆயிரக்கணக்கான கையெழுத்து வாங்கி இங்கிலாந்துப் பார்லிமெண்டுக்கு அனுப்பினார். ‘தேசத் துரோகி’ என்று சொல்வார்கள். சொல்லட்டும். அவர் கேட்டது ஒன்றுதான்: படிக்கிற வாய்ப்பு முழுவதையும் ஒரு சாதி பிடித்து வைத்திருக்கிற இடத்தில் பரீட்சை நடந்தால், அந்த நாற்காலியில் யார் போய் உட்காருவான்? பரீட்சை எல்லோருக்கும் பொது என்று இன்றைக்கும் சொல்கிறவர்கள் இதற்குப் பதில் சொல்லிவிட்டுப் பேசட்டும்.

பரீட்சையைத் தாழ்ப்பாளாகப் போடுவதில் வெள்ளைக்காரன் நம்மாளுக்கு இளைத்தவனில்லை. 1897இல் நேட்டாலில் ஒரு சட்டம். உள்ளே வருகிறவன் ஐரோப்பிய மொழி ஒன்றில் விண்ணப்பம் எழுதிக் காட்ட வேண்டும். யாரை நிறுத்த? இந்தியர்களை. 1901இல் ஆஸ்திரேலியா அதையே எடுத்துக்கொண்டது. அதிகாரி 50 வார்த்தை சொல்லுவான், வந்தவன் பிழையில்லாமல் எழுத வேண்டும். எந்த ஐரோப்பிய மொழி என்பதையும் அதிகாரியே முடிவு பண்ணுவான். 1909க்குப் பிறகு அந்தப் பரீட்சையில் ஒரு ஆள்கூடத் தேறவில்லை. 1934இல் எகான் கிஷ் என்கிற இடதுசாரி எழுத்தாளர் போனார். அவருக்குப் பல ஐரோப்பிய மொழிகள் தெரியும். என்ன செய்தார்கள் தெரியுமா? ஸ்காட்லாந்தின் கேலிக் மொழியில் எழுதச் சொன்னார்கள்! 1958இல்தான் அந்தக் கூத்து ஒழிந்தது. அமெரிக்காவின் தென் மாநிலங்களில் கறுப்பர் ஓட்டுப் போடாமல் இருக்க எழுத்தறிவுப் பரீட்சை வைத்தார்கள். 1965இல் வாக்குரிமைச் சட்டம் வந்துதான் அதன் முதுகை முறித்தது.

ஆக, மொழிப் பரீட்சை மொழியை மட்டும் அளக்கிற கோல் இல்லை. கதவில் நிற்கிற காவல்காரனும்கூட. இதை ஒத்துக்கொண்டுதான் மேலே பேச வேண்டும்.

இப்போது நம்ம மாவட்டத்துக்கு வருவோம். நாமக்கல் முட்டைக்கும் கோழிக்கும் பேர் போனது. அதே அளவுக்கு விடுதிப் பள்ளிக்கூடங்களுக்கும் பேர் போனது. ‘பிராய்லர் பள்ளி’ என்று சனங்கள் வைத்த பேர் சும்மா வைத்ததில்லை. காலையில் டெஸ்ட், மாலையில் டெஸ்ட், ஞாயிற்றுக்கிழமை திரும்பவும் டெஸ்ட். பதினொன்றாம் வகுப்புப் பாடத்தை ஓரம் கட்டிவிட்டு இரண்டு வருசமும் பன்னிரண்டாம் வகுப்புப் பாடத்தையே ஊட்டினார்கள். அதைத் தடுக்கத்தான் 2017-18இல் பிளஸ் ஒன்னுக்கும் பொதுத்தேர்வு வந்தது. 2025இல் அதை எடுத்துவிடுவதாகவும் அறிவித்தாயிற்று. பொதுத்தேர்வு வரும், போகும். தீவனம் போடுகிற முறை மாறவில்லை.

அந்தத் தீவனம் நம்ம அரசுப் பள்ளிக்கும் வந்துவிட்டது, கொஞ்சம் மட்டமான ரகத்தில். பிளஸ் டூ இங்கிலீஷ் எழுத்துத் தேர்வுக்கு 90 மார்க்கு. அந்த 90இல் காதுக்கும் வாய்க்கும் ஒரு மார்க்கு கிடையாது. பத்தி ஒன்றை உருப்போட்டு வைத்தால் போதும், தலைப்பை மட்டும் மாற்றி எழுதிக்கொள்ளலாம். நானும் அப்படித்தான் தேறினேன். இரண்டு தாள் இருந்த காலம். கைடில் இருந்த கட்டுரைகளில் முற்றுப்புள்ளி எங்கே வரும் என்பதுவரை எனக்குப் பாடம். பிறகு ஒரு வேலைக்கு நேர்முகம் போனேன். உங்களைப் பற்றிச் சொல்லுங்கள் என்று இங்கிலீஷில் கேட்டார்கள். ‘என் லட்சியம்’ கட்டுரையை முதல் வரியிலிருந்து ஒப்பித்தேன். மேசைக்கு அந்தப் பக்கம் ஒருவர் சிரிப்பை அடக்கப் பார்த்தார், முடியவில்லை. அந்தச் சிரிப்பு இன்னும் என் காதில் கிடக்கிறது.

நமக்குத் தந்தது மொழி இல்லை, மொழியின் விடைத்தாள். வேதத்தைக் கேட்டால் காதில் ஈயம் என்றது கௌதம தர்மசூத்திரம். இங்கிலீஷை அப்படி மூட முடியவில்லை. அதனால் என்ன செய்தார்கள்? எழுத்தைக் கொடுத்து அர்த்தத்தைப் பிடித்துக்கொண்டார்கள். பார்த்து எழுது, மனப்பாடம் பண்ணு, கேள்வி கேட்காதே. அவர்கள் வீட்டுப் பிள்ளைக்குச் சாப்பாட்டு மேசையிலேயே மொழி கிடைக்கும். மாதிரிப் பரீட்சை அவனுக்குக் கடைசியாக ஒருதரம் தலை சீவிக்கொள்கிற கண்ணாடி. நம்ம பிள்ளைக்கு அந்தக் கண்ணாடியைக் காட்டி, இதுதான் உன் முகம் என்கிறார்கள்.

அப்படியானால் மாதிரி வினாத்தாளைக் கொளுத்திவிடலாமா? நம்ம தோழர்களில் சிலர் அப்படித்தான் பேசுகிறார்கள். “இங்கிலீஷ் ஏகாதிபத்திய மொழி, பிள்ளைகளுக்குத் தாய்மொழியில் சிந்திக்கக் கற்றுக்கொடுங்கள்” என்று காரவள்ளி வந்து கூட்டம் போட்டுச் சொல்லிவிட்டுப் போனார் ஒரு தோழர். நல்லது தோழர். உங்க பொண்ணு எந்தப் பள்ளியில படிக்குதுன்னு சொல்லிட்டுப் போங்க. தாய்மொழி எங்களுக்கும் தாய்மொழிதான். ஆனால் அந்தத் தாய்மொழிதான் எங்கள் பிள்ளையிடம் ‘எந்தத் தெரு?’ என்று கேட்கிறது. இங்கிலீஷில் ‘வேர் ஆர் யூ ஃப்ரம்’ என்கிற கேள்விக்குள் தெரு இல்லை. அந்த மொழி யோக்கியமானது என்று சொல்லவில்லை. மேலே சொன்ன ஆஸ்திரேலியாவை மறக்கவும் இல்லை. நம்மைச் சுற்றி வளைத்திருக்கிற மொழிக்கு வெளியே ஒரு சன்னல் திறக்கிறது, அவ்வளவுதான். மூச்சு முட்டுகிறவனுக்குச் சன்னல் சின்ன விஷயமில்லை. அம்பேத்கர் 1913இல் கொலம்பியாவுக்குக் கப்பல் ஏறியது அந்தச் சன்னல் வழியாகத்தான்.

வழி ஒன்று கறுப்பர் போராட்டத்தில் இருக்கிறது. தென் கரோலினாவில் ஜான்ஸ் தீவு. எசா ஜென்கின்ஸ் என்பவர் தீவிலிருந்து சார்ல்ஸ்டன் நகரத்துக்கு வேலைக்குப் போகிற சனங்களை ஏற்றிப் போகிற பஸ் ஓட்டினார். ஓட்டுப் பதிவுக்கு அரசியல் சட்டத்தில் ஒரு பகுதியை வாசித்துக் காட்ட வேண்டும். அந்தப் பகுதியை அவர் பஸ்ஸிலேயே சொல்லிக்கொடுத்தார். ஆலிஸ் வைன் என்கிற பெண், கேட்டுக் கேட்டே அதை உருப்போட்டுப் பதிவும் பண்ணிவிட்டார். அதோடு விட்டாரா? எனக்கு நிஜமாகவே வாசிக்கக் கற்றுக்கொடுங்கள் என்றார். அந்தக் கோரிக்கையிலிருந்துதான் 1957 சனவரியில் குடியுரிமைப் பள்ளி பிறந்தது. முன்பக்கம் கூட்டுறவுக் கடை, பின்அறையில் வகுப்பு. வெள்ளைக்காரன் கண்ணில் படாமல் இருக்க அப்படி. ஏற்பாடு செய்தவர் செப்டிமா கிளார்க், கறுப்பர் உரிமைச் சங்கத்தில் உறுப்பினராக இருந்ததற்காக வேலை பறிக்கப்பட்ட ஆசிரியை. பாடம் சொன்னவர் பெர்னிஸ் ராபின்சன், முடி அலங்காரம் செய்து பிழைத்தவர். பதிவு விண்ணப்பத்தையே மாதிரித் தாளாக வைத்துப் பழக்கினார்கள். கூடவே மணியார்டர் நிரப்ப, கடிதம் எழுத, தன் பேரைத் தானே கையெழுத்துப் போடக் கற்றுக்கொடுத்தார்கள். தாழ்ப்பாள் எப்படிச் செய்யப்பட்டிருக்கிறது என்று தெரிந்துகொள்ள மாதிரித் தாள். கதவுக்கு உள்ளே போய் என்ன பேசுவது என்பதற்கு மொழி. இரண்டும் வேண்டும்.

நான் சொல்ல வந்தது இதுதான். மாதிரிப் பரீட்சை ஒரு ரகசியம் மாதிரி காசுக்கு விற்கப்படுகிறது. அந்த ரகசியத்தை உடைத்துத் தெருவில் போடுவோம். ஐ.இ.எல்.டி.எஸ்.ஸில் வாசிப்புக்கு ஒரு மணி நேரம், 40 கேள்வி. கேட்டலுக்கும் 40 கேள்வி. எழுத்துக்கு இரண்டு வேலை, ஒன்று 150 வார்த்தை, ஒன்று 250. இதில் மந்திரம் ஒன்றும் இல்லை. மாதிரித் தாள்களை அந்த நிறுவனங்களே இலவசமாகத் தருகின்றன. அதையே அச்சடித்துப் பயிற்சி மையம் காசு வாங்குகிறது. பரீட்சைக் கட்டணமே பதினைந்தாயிரத்துக்கு மேல். மார்க்குக்கு ஆயுசு இரண்டு வருசம். அப்புறம் மறுபடியும் பணம் கட்டு. கோழிப்பண்ணைக் கூலியில் எத்தனை மாசம் என்று கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

தாட்கோ இந்தப் பரீட்சைகளுக்குப் பயிற்சி தருவதாக அறிவிக்கிறது. அம்பேத்கர் பெயரில் அயலகப் படிப்புக்கு உதவித்தொகையை மாநில அரசு தருகிறது. வரவேற்போம். ஆனால் அறிவிப்பு காரவள்ளிக்கு வந்து சேருவதற்குள் கடைசித் தேதி முடிந்துவிடுகிறதே, அதற்கு யார் பொறுப்பு? ஒன்றிய அரசின் அயலக உதவித்தொகை விதியை 2022இல் திருத்தினார்கள். இந்தியப் பண்பாடு, வரலாறு, இந்தியச் சமூகம் பற்றிப் படிக்கப் போனால் பணம் கிடையாது என்றார்கள். பார்த்தீர்களா? கஷ்டப்பட்டு இங்கிலீஷ் கற்றுப் பரீட்சையிலும் தேறினால், ‘சாதியைப் பற்றி மட்டும் பேசாதே’ என்று அடுத்த தாழ்ப்பாள். 2017இல் அனிதாவிடம் 1200க்கு 1176 இருந்தது. நீட் என்று புதிய தாழ்ப்பாளைப் போட்டார்கள். ஒரு பூட்டைத் திறக்கக் கற்றுக்கொண்டால் பூட்டை மாற்றுவார்கள். அதனால்தான் பூட்டோடு நிற்கக்கூடாது என்கிறேன்.

ஒவ்வொரு ஆதிதிராவிடர், பழங்குடியினர் விடுதியிலும் மாதிரித் தாள்களும் கேட்டல் பயிற்சிக்குக் கருவியும் சும்மா கிடைக்க வேண்டும். கட்டணத்தை அரசு முன்னாலேயே கட்ட வேண்டும், ரசீது காட்டினால் பிறகு தருகிறேன் என்கிற பேச்சு கூடாது. பள்ளிக்கூட இங்கிலீஷ் மார்க்கில் பேச்சுக்குப் பங்கு வேண்டும். இவற்றை அரசிடம் கேட்போம். ஆனால் அரசு தரும்வரை ஞாயிற்றுக்கிழமைகள் காத்திருக்காது. கல்லூரி படிக்கிற ஒவ்வொரு தலித் மாணவரும் ஊருக்கு வரும்போது பழைய வினாத்தாள் ஒன்றை எடுத்து வரலாம். ஒரு பிள்ளையோடு உட்காரலாம். தப்பாகப் பேசினால் சிரிக்காமல் இருக்கலாம். இதற்கு எந்த நிதியும் வேண்டாம்.

அந்தப் பெண்ணுக்கு மறுவாரமும் பேச்சுப் பரீட்சை வைத்தோம். இந்தத் தடவை கேள்வியை நான் கேட்கவில்லை; பிள்ளைகள் ஒருத்தரை ஒருத்தர் கேட்டுக்கொண்டார்கள். அது காரவள்ளி என்றது. மலை அடிவாரம் என்றது. அப்புறம் கொஞ்சம் நின்று, நாங்கள் இருக்கிற இடத்தை ஏன் ஊருக்கு வெளியே வைத்தார்கள் என்று சொல்ல ஆரம்பித்தது. இலக்கணம் அங்கங்கே உடைந்தது. பதினாலு நிமிசம் முடிந்தும் நிறுத்தவில்லை. யாரும் மணியடிக்கவுமில்லை.