நலவாழ்வுப் பக்கம்: வயிற்றில் பட்ட அடி

பனி கொட்டத் தொடங்கிவிட்டால் எமது பிள்ளைகளை வீட்டுக்குள் பிடித்துவைக்க முடியாது. புரொக்னர்சேத்தரனில் இருந்து ஏறத்தாழ 2 கிலோமீற்றர் இறங்கும் கொர்க்கத்ரெக்கரன் சறுக்குப்பாதைக்கு எல்லோரும் போகிறார்கள். போகட்டும், விளையாடுகிற வயது. ஆனால் சறுக்கும்போது மரத்தில் வயிறு அடிபட்டாலோ, கோடையில் சைக்கிள் ஹாண்டில் வயிற்றில் குத்தினாலோ, அதை முழங்கால் உரசலைப் போல எண்ணிவிடக் கூடாது.

பிள்ளையின் வயிற்றுச் சுவர் மெல்லியது. அடிக்கும் முள்ளந்தண்டுக்கும் இடையில் குடல் நசிந்து கிழியலாம். வெளியே ஒரு சிறிய கண்டல் மட்டும் தெரியும். சிலவேளை அதுவும் இராது. முதல் சில மணித்தியாலங்கள் பிள்ளை எழுந்து நடக்கும், தொலைக்காட்சி பார்க்கும். குடலில் உள்ளது கசிந்து வயிற்றுக்குள் பரவப் பரவத்தான் நோவு கூடும். இதற்கு ஒரு நாளோ அதற்கு மேலோ செல்லலாம். முதல் ஸ்கானில் ஒன்றும் தெரியாமல் போவதும் உண்டு. ஆகவே வைத்தியசாலையில் இரவு மறித்துவைத்தால், அடம்பிடித்துக் கூட்டிவர வேண்டாம்.

நோவு கூடிக்கொண்டே போவது, பச்சையாகச் சத்தி எடுப்பது, வயிறு ஊதி இறுகுவது, காய்ச்சல், அசைய மறுத்துச் சுருண்டு படுப்பது, சிறுநீரிலோ மலத்திலோ இரத்தம்: இவற்றில் ஒன்று கண்டாலும் 116117 இலக்கத்தில் லேகவக்த்தை அழையுங்கள். பிள்ளை வெளிறி, வியர்த்து, சோர்ந்தால் 113. கார் விபத்துக்குப் பின் ஆசனப்பட்டி கிடந்த இடத்தில் வயிற்றுக்குக் குறுக்கே கண்டல் கோடு இருந்தால், நோவு இல்லாவிட்டாலும் காட்டுங்கள்.

சித்தாலேப பூசித் தடவுவதும் ஓமத்தண்ணீர் பருக்குவதும் எமது வழக்கம். இந்த வயிற்றுக்கு இரண்டும் வேண்டாம். சத்திரசிகிச்சை தேவைப்படலாம் என்பதால் வைத்தியர் பார்க்கும்வரை சாப்பாடோ தண்ணீரோ கொடாதீர்கள்.

ஏச்சு விழும் என்று பயந்தால் பிள்ளை விழுந்த கதையையே மறைத்துவிடும். பெற்றோருக்கும் ஒரு பயம் இருக்கிறது: "எப்படி அடிபட்டது என்று கேட்பார்கள், பார்னவர்ன் வரும்." இந்தக் கேள்வி அடிபட்ட எல்லாப் பிள்ளைகளின் பெற்றோரிடமும் கேட்கப்படுவது. எங்கே, எப்போது, எதில் அடிபட்டது என்று தெரிந்தால்தான் வைத்தியர் எதைத் தேடுவது என்று முடிவு செய்வார். பயத்தில் ஒரு இரவு தாமதித்தால் கிழிந்த குடல் அந்த இரவு முழுவதும் கசியும். நடந்ததை நடந்தபடி சொல்லுங்கள். மூத்த பிள்ளையை மொழிபெயர்க்க விடாமல் மொழிபெயர்ப்பாளரைக் கேளுங்கள். அதற்கான சட்டம் 2022 முதல் நடைமுறையில் உள்ளது. 16 வயதுக்குட்பட்டவர்களுக்கு வைத்தியரிடம் கட்டணமும் இல்லை.