டிஸ்க் போய்விட்டது என்று சொல்வதற்கு முன்

வேம்பார் முதல் மணப்பாடு வரையான முத்துக்குளித்துறைக் கரையில் பத்து, பதினைந்து வயதைக் கடந்த டெஸ்க்டாப்கள் இன்னும் தினமும் உழைக்கின்றன. உப்பள எடைமேடைகளில், ஐஸ் கம்பெனிகளில், படகு டீசல் கணக்கு எழுதும் அறைகளில், துறைமுகத்தை நம்பி வாழும் சிறிய ஏஜென்சி அலுவலகங்களில் அவற்றைப் பார்க்கலாம். இவற்றை மாற்றாமல் வைத்திருப்பவர்களைக் கஞ்சர்கள் என்று எண்ணிவிடக் கூடாது. எடைமேடையின் இண்டிகேட்டர் எடையை அனுப்புவது சீரியல் போர்ட் வழியாக. ரசீது அடிக்கும் டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டருக்குப் பேரலல் போர்ட் வேண்டும். புரோகிராமோ விண்டோஸ் எக்ஸ்பி காலத்தில் யாரோ எழுதிக் கொடுத்தது; எழுதியவர் இப்போது எங்கே என்று உரிமையாளருக்கே தெரியாது. அந்த செட் நின்றால் உப்பு ஏற்றிய லாரிகள் வாசலில் வரிசை கட்டி நிற்கும்.

அப்படிப்பட்ட ஒரு செட் காலையில் ஆன் செய்ததும் 'பிரைமரி மாஸ்டர் ஹார்டு டிஸ்க் ஃபெயில்' என்கிறது. இன்னொன்று 'டிரைவ் 0 நாட் ஃபவுண்ட்' என்று நிற்கிறது. மற்றொன்று 'டிஸ்க் பூட் ஃபெயிலியர்' என்று சிஸ்டம் டிஸ்க்கைப் போடச் சொல்கிறது. நம் தொழிலில் இதற்கு இரண்டு பதில்கள் பழகிப்போயிருக்கின்றன. ஒன்று, கேபிளைக் கழற்றி மாட்டி, ஓடியதும் காசு வாங்கிக்கொண்டு கிளம்புவது. மற்றது, 'டிஸ்க் போயிடுச்சு அண்ணாச்சி, புதுசு போட்டு ஃபார்மட் அடிச்சுரலாம்' என்பது. முதல் பதில் பழுதை ஒரு மாதம் தள்ளிப்போடுகிறது. இரண்டாவது பதில் பல நேரம் நல்ல நிலையில் இருக்கும் டிஸ்க்கையும், அதில் உள்ள பத்தாண்டுக் கணக்கையும் சேர்த்துக் குப்பைக்கு அனுப்புகிறது. நம் கரையில் டிஸ்க்கைக் கடைசியாகத்தான் சந்தேகிக்க வேண்டும். ஆனால் அதில் உள்ள தரவை முதல் வேலையாகக் காப்பாற்ற வேண்டும். இந்த இதழ் சொல்ல விரும்புவது இதைத்தான்.

திரையில் வரும் அந்த வரிகளுக்கு உண்மையில் பொருள் என்ன? பெரும்பாலும், ஆன் ஆகும் நேரத்தில் பயாஸ் ஒரு போர்ட்டில் டிஸ்க்கைக் கூப்பிட்டது, குறித்த நேரத்துக்குள் பதில் வரவில்லை. அவ்வளவே. பதில் வராததற்கு பயாஸ் செட்டிங் காரணமாக இருக்கலாம். மதர்போர்டின் போர்ட், டேட்டா கேபிள், பவர் கனெக்டர், எஸ்எம்பிஎஸ், டிஸ்க்கின் அடியில் உள்ள சர்க்யூட் போர்டு என எதுவும் காரணமாக இருக்கலாம். தட்டும் ஹெட்டும் கெட்டுப்போவது இந்த வரிசையின் கடைசியில்தான் வருகிறது. நாமோ கடைசியில் இருப்பதை முதலில் சொல்லிவிடுகிறோம்.

உள்ளூர்க் காரணத்திலிருந்து தொடங்குவோம். தமிழ்நாட்டு உப்பின் பெரும்பங்கு விளைவது இந்த மாவட்டத்தில்தான். தருவைக்குளம் பக்கமும், முத்தையாபுரம், முள்ளக்காடு, பழையகாயல் பக்கமும் பாத்திகளை ஒட்டியே அலுவலகங்கள் இருக்கின்றன. காற்றில் வரும் நுண்ணிய உப்புத்தூளை செட்டின் ஃபேன் உள்ளே இழுக்கிறது. உலர்ந்த உப்பு மின்சாரத்தைக் கடத்தாது, பெரிய கெடுதலும் செய்யாது. ஆனால் சோடியம் குளோரைடு, காற்றின் ஈரப்பதம் ஏறத்தாழ 75 சதவீதத்தைத் தாண்டும்போது தானாகவே ஈரத்தை இழுத்துக் கரைசலாகிவிடும். கடல் உப்பில் சோடியம் குளோரைடு மட்டும் இருப்பதில்லை. உப்பு எடுத்தபின் பாத்தியில் மிஞ்சும் கசப்பு நீரில் மெக்னீசியம் குளோரைடு நிறைய இருக்கிறது. அது 33 சதவீத ஈரப்பதத்திலேயே நனையத் தொடங்கிவிடும். நம் ஊரில் அதற்குக் கீழே ஈரப்பதம் இறங்கும் நாள்கள் அபூர்வம். ஆகவே உப்பளத்துத் தூசி படிந்த கனெக்டர் ஆண்டு முழுவதும் கொஞ்சம் ஈரமாகவே இருக்கிறது என்று வைத்துக்கொள்ளலாம்.

கனெக்டர் பின்களின் தங்கப்பூச்சு மிக மெல்லியது. அதில் கண்ணுக்குத் தெரியாத துளைகள் உண்டு. உப்புக்கரைசல் அந்தத் துளைகள் வழியே இறங்கி அடியில் உள்ள நிக்கலையும் செம்பையும் அரிக்கிறது. அரிப்பு மேலே கசிந்து பச்சையாகவோ கறுப்பாகவோ படிகிறது. இரவு முழுவதும் ஆஃப் ஆகிக் குளிர்ந்து கிடந்த செட்டில் இந்தப் படிவு ஈரமாகவே இருக்கும். 'காலையில மட்டும் எடுக்க மாட்டேங்குது, ரெண்டு மூணு தடவை ஆன் பண்ணினா ஓடுது' என்று வாடிக்கையாளர் சொன்னால், அதை நாம் கவனித்துக் கேட்க வேண்டும். பல நேரம் நோயை அவரே சொல்லிவிடுகிறார்.

கேபிளைக் கழற்றி மாட்டினால் ஏன் சரியாகிறது என்பதும் இதனால் விளங்கும். பின்கள் உரசிக்கொள்ளும்போது படிவு கொஞ்சம் சுரண்டப்படுகிறது. புதிய இடத்தில் உலோகம் தொடுகிறது. ஆனால் உப்பு அங்கேயே இருக்கிறது. கூடவே தங்கப்பூச்சும் கொஞ்சம் தேய்கிறது. செட்டுக்குள் மாட்டும் சாட்டா கனெக்டர் சுமார் 50 முறை மாட்டிக் கழற்றுவதற்கே வடிவமைக்கப்பட்டது. மாதம் ஒருமுறை கழற்றி மாட்டி ஓட்டுகிற கடைக்காரர் நான்கு ஆண்டுகளில் அந்த ஆயுளைத் தின்றுவிடுவார். சரியான வழி, ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலால் இரண்டு பக்கமும் கழுவி, நூல் உதிராத துணியால் ஒற்றி, முழுக்கக் காயவிட்டு, புதிய கேபிள் மாட்டுவது. பழைய கேபிளைத் திரும்ப மாட்டாதீர்கள். கிளிப் இல்லாத முதல் தலைமுறை சாட்டா கேபிளாக இருந்தால் யோசிக்கவே வேண்டாம். ரப்பர் வைத்துத் தேய்ப்பது வேறு வழியில்லாதபோது ஒருமுறை செய்யலாம். அதைப் பழக்கமாக்கினால் தங்கப்பூச்சே போய்விடும். துருநீக்கி எண்ணெய் ஸ்பிரே வேண்டவே வேண்டாம். அது விட்டுச்செல்லும் பிசுக்கில் அடுத்த மாதத் தூசி ஒட்டிக்கொள்ளும்.

ஹார்டு டிஸ்க்கின் அடியில் உள்ள சர்க்யூட் போர்டையும் கழற்றிப் பாருங்கள். ஹெட்டுக்கும் மோட்டாருக்கும் போகும் தொடுபுள்ளிகள் அந்த போர்டின் உள்பக்கத்தில் இருக்கின்றன. அவை கறுத்திருந்தால் டிஸ்க் சுழலும். ஆனால் பயாஸில் பெயர் வராது, அல்லது தாறுமாறான எழுத்துகளில் வரும். போர்டைக் கழற்றுவது சிறிய வேலைதான், தட்டு இருக்கும் மூடியைத் திறக்க வேண்டியதில்லை. இதைச் செய்துபார்க்காமல் டிஸ்க் செத்துவிட்டதென்று எழுதிக்கொடுப்பது அந்த வாடிக்கையாளருக்குச் செய்யும் அநியாயம்.

அடுத்து சீமாஸ் பேட்டரி. இதன் பெயரால் நடக்கும் கொடுமைதான் எனக்கு மிகவும் வருத்தம் தருவது. சிஆர் 2032 பேட்டரி தளர்ந்ததும் செட்டிங் எல்லாம் தொழிற்சாலை நிலைக்குத் திரும்பிவிடுகிறது. ஃபிளாப்பியே இல்லாத செட் 'ஃபிளாப்பி டிஸ்க் ஃபெயில்' என்கிறது. டெல் ஆப்டிபிளெக்ஸ் போன்ற பிராண்டட் செட்டுகளில் காலியாக உள்ள சாட்டா போர்ட்டும் ஆன் ஆகிவிட, அங்கே இல்லாத டிரைவைத் தேடி 'டிரைவ் 1 நாட் ஃபவுண்ட்' என்று எஃப்1 அமுக்கச் சொல்கிறது. பயாஸில் அந்தப் போர்ட்டை ஆஃப் செய்தால் தீர்ந்தது. எல்லாவற்றிலும் மோசமானது, சாட்டா மோடு ஏஹெச்சிஐ, ஐடிஇ இரண்டுக்கும் இடையே மாறிவிடுவது. விண்டோஸ் எக்ஸ்பியில் அது நேராக நீலத்திரைக்குப் போகும், எண் 7பி. டிஸ்க் நன்றாக இருக்கிறது, விண்டோஸ் நன்றாக இருக்கிறது, ஒரே ஒரு செட்டிங்தான் மாறியிருக்கிறது. அதைப் பார்க்காமல் அங்கேயே ஃபார்மட் அடித்த செட்டுகள் இந்த மாவட்டத்தில் எத்தனையோ. ஆன் செய்ததும் தேதியும் நேரமும் சரியா என்று முதலில் பார்த்துவிடுங்கள். பேட்டரியை மீட்டரில் அளந்து, 2.8 வோல்ட்டுக்குக் கீழே இருந்தால் மாற்றிவிடுவது நம் எல்லாருடைய பழக்கமாகட்டும். மாற்றும் முன் பயாஸ் பக்கங்களை ஃபோனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

பவரை அதிகம் விவரிக்கத் தேவையில்லை, எல்லாரும் அறிந்ததுதான். 12 வோல்ட் 11.4-க்குக் கீழும், 5 வோல்ட் 4.75-க்குக் கீழும் போகக் கூடாது. 3.5 அங்குல டிஸ்க் சுழலத் தொடங்கும் நொடிகளில் 12 வோல்ட்டில் 2 ஆம்பியர் அளவுக்கு இழுக்கும். கெப்பாசிட்டர் உப்பிய எஸ்எம்பிஎஸ் அப்போதுதான் காலை வாரும். காலையில் முதல் முறை எடுக்காமல், கண்ட்ரோல்-ஆல்ட்-டெலிட் கொடுத்ததும் டிஸ்க் தெரிகிறதென்றால், அது வேகம் பிடிப்பதற்குள் பயாஸ் கூப்பிட்டு முடித்துவிட்டது என்று பொருள். எஸ்எம்பிஎஸ் தளர்ந்திருக்கலாம், டிஸ்க்கின் மோட்டார் தளர்ந்திருக்கலாம். பயாஸில் குயிக் பூட்டை ஆஃப் செய்து நேரம் வாங்கலாம். அந்த நேரத்தில் முதலில் தரவை நகலெடுத்துவிடுங்கள். டிஸ்க்கைச் செருகினால் செட்டே ஆன் ஆகாமல், கழற்றினால் ஆன் ஆகிறதா? டிஸ்க் போர்டில் உள்ள பாதுகாப்பு டையோடு ஷார்ட் ஆகியிருக்கும். எப்போதோ அடித்த அதிக வோல்டேஜைத் தான் வாங்கிக்கொண்டு டிஸ்க்கைக் காப்பாற்றிய பாகம் அது. அதை எடுத்துவிட்டால் டிஸ்க் ஓடும் வாய்ப்பு உண்டு, ஆனால் நகலெடுக்க மட்டும்.

இவ்வளவுக்கும் பிறகு டிஸ்க்கா, கேபிளா என்று குழம்புவோருக்கு ஸ்மார்ட் பட்டியலில் ஒரு வரி இருக்கிறது. 199-ஆம் எண், சிஆர்சி பிழைக் கணக்கு. டிஸ்க்குக்கும் மதர்போர்டுக்கும் நடுவே போகும் வழியில் தரவு சிதைந்த ஒவ்வொரு முறையும் அது ஏறும், ஏறியது இறங்காது. கனெக்டரைக் கழுவி, கேபிளை மாற்றி, அந்த எண்ணைக் குறித்துவைத்து, ஒரு வாரம் கழித்துப் பாருங்கள். ஏறவில்லை என்றால் குற்றவாளி பிடிபட்டுவிட்டது. மாறாக 5, 197, 198 ஆகிய எண்கள் ஏறுகின்றன என்றால் தட்டிலேயே பழுது. அப்போது செக்டிஸ்க் ஓட்டாதீர்கள். அது எழுதவும் செய்யும். லினக்ஸ் பென்டிரைவில் பூட் செய்து டிடிரெஸ்க்யூ கொண்டு வேறொரு டிஸ்க்குக்கு முழு நகல் எடுங்கள். படிக்க முடிகிற இடங்களை முதலில் படித்து, கெட்ட இடங்களைக் குறித்துவைத்துக் கடைசியில் அது திரும்பி வரும்.

டிஸ்க் பயாஸில் தெரியவில்லை என்றால் தரவும் போய்விட்டது என்று நினைப்பவர்கள் சீகேட் பாராகுடா 7200.11 கதையை நினைவுபடுத்திக்கொள்ள வேண்டும். 2008 இறுதியிலும் 2009 தொடக்கத்திலும் உலகெங்கும் அந்த வரிசை டிஸ்க்குகள், முதல் நாள் வரை ஓடியவை, மறுநாள் பயாஸில் காணாமல் போயின. கோளாறு ஃபர்ம்வேரில் இருந்தது. தட்டில் எழுதியது அப்படியே இருந்தது. சீரியல் இணைப்பில் கட்டளை கொடுத்து மீட்கப்பட்டவை ஏராளம். ஆனால் அதே மாடலின் போர்டை வாங்கி மாற்றினால் ஓடிவிடும் என்ற நம்பிக்கையும் பழைய காலத்தோடு போயிற்று. ஒவ்வொரு டிஸ்க்குக்கும் உரிய அளவுகள் அதன் போர்டில் உள்ள சிப்பில் இருக்கின்றன. அந்தச் சிப்பையும் பெயர்த்து மாற்றினால்தான் ஓடும்.

2023 டிசம்பர் வெள்ளத்தைச் சொல்லாமல் இந்தக் கட்டுரையை முடிக்க முடியாது. 18-ஆம் தேதி காலையோடு முடிந்த ஒரே நாளில் காயல்பட்டினத்தில் 95 செ.மீ. மழை. தூத்துக்குடி நகரின் பல தெருக்களில் நாள்கணக்கில் தண்ணீர் நின்றது. மூழ்கிய செட்டுகளை வெயிலில் காயவைத்து ஆன் செய்து பார்த்தவர்களே அதிகம். ஹார்டு டிஸ்க்கின் மூடியில் 'இந்தத் துளையை மூடாதே' என்று எழுதிய சிறுதுளை காற்றழுத்தத்தைச் சமன் செய்ய வைத்தது. வெள்ள நீர் அதன் வழியே உள்ளே போயிருக்கும். அப்படியே காய்ந்தால் சேறும் உப்பும் தட்டில் ஒட்டிக் காய்ந்துவிடும். பிறகு ஆன் செய்தால், தட்டைத் தொடாமல் பறக்க வேண்டிய ஹெட் அதில் இடித்துக் கீறும். நனைந்த டிஸ்க்குக்குக் கரண்ட் கொடுக்காதீர்கள், அரிசியில் புதைக்காதீர்கள், ஹேர் டிரையர் காட்டாதீர்கள். ஈரத்தோடே காற்றுப்புகாத பையில் கட்டி, சுத்த அறை வசதியுள்ள மீட்பு நிலையத்துக்கு அனுப்புங்கள். செலவு அதிகம்தான். எந்த டிஸ்க்குக்கு அந்தச் செலவு தகும் என்பதை வாடிக்கையாளர் முடிவு செய்யட்டும். நாம் ஆன் செய்து பார்த்து அந்த முடிவை அவரிடமிருந்து பறித்துவிடக் கூடாது.

உண்மையிலேயே டிஸ்க் மாற்றும்போது பழைய செட் புதிய டிஸ்க்கைக் கண்டுகொள்ளாத சங்கடமும் வரும். வியா விடி8237 சிப்செட் உள்ள போர்டுகள் 3 ஜிகாபிட் டிஸ்க்குகளைப் பார்ப்பதில்லை; டிஸ்க்கில் ஜம்பர் போட்டு 1.5-க்கு இறக்க வேண்டும். சில புதிய பெரிய டிஸ்க்குகள் பவர் கனெக்டரின் மூன்றாம் பின்னில் 3.3 வோல்ட் வந்தால் சுழலவே மாட்டா, பழைய எஸ்எம்பிஎஸ் அதைக் கொடுத்துக்கொண்டே இருக்கும். 2002-க்கு முந்தைய ஐடிஇ போர்டுகள் பலவற்றுக்கு 137 ஜிபிதான் எல்லை. இன்டெல் 6-சீரிஸ் போர்டுகளில், 2011 ஜனவரி 31 அன்று இன்டெலே ஒப்புக்கொண்ட குறைபாட்டுக்கு முந்தைய தொகுதி என்றால், 2 முதல் 5 வரையான சாட்டா போர்ட்டுகள் நாளடைவில் தளரும். 0, 1 போர்ட்டுகள் இருந்தால் டிஸ்க்கை அங்கே மாற்றுங்கள்.

வாசகர்களிடம் ஒரு வேண்டுகோள். இனி இப்படி வரும் ஒவ்வொரு செட்டுக்கும் ஜாப் ஷீட்டில் ஐந்து விவரங்களை எழுதுங்கள்: திரையில் வந்த வரி அப்படியே, மதர்போர்டு மாடல், பேட்டரி வோல்டேஜ், 199-ஆம் எண், கடைசியில் எதைச் செய்து சரியானது. உப்பளத்தின் அருகிலா, துறைமுகத்தின் அருகிலா, கோவில்பட்டி போன்ற உள்நாட்டிலா என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். வாடிக்கையாளர் பெயரும் அவர் கோப்புகளைப் பற்றிய எதுவும் வேண்டாம். ஒரு வடகிழக்குப் பருவமழை முழுவதும் எழுதி, பொங்கலுக்குப் பின் இதழ் முகவரிக்கு அனுப்புங்கள். வந்தவற்றைத் தொகுத்து வெளியிடுகிறோம். கழற்றிய பழைய டிஸ்க்குகளை அதுவரை கடையில் குவிக்காமல், உரியவரிடமே கொடுத்துக் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள்.