‘நல்லதையே நினை’ என்றால் போதுமா?

கவனக்குறைபாட்டுடன் வாழும் ஒருவரிடம் ‘நல்லதையே நினை’ என்று சொல்வது எளிது. எங்கள் மனநலப் பிரிவுக்கு வருபவர்களுள் பலர் இந்த அறிவுரையைப் பள்ளி நாள்களிலிருந்தே கேட்டுச் சலித்தவர்கள். ‘நாளை முதல் ஒழுங்காக இருப்பேன்’ என்று உறுதி பூண்டு, மூன்றாம் நாள் அதைக் கைவிட்டு, கைவிட்டதற்காகத் தம்மையே நொந்துகொண்டவர்கள். ஆகவே நேர்மறைச் சிந்தனை என்னும் சொல்லை அவர்கள் முன்னிலையில் நாங்கள் சற்றுத் தயக்கத்துடனேயே எடுக்கிறோம்.

இந்நோய்க்குக் கவனக்குறைபாடு என்ற பெயர் 1980-இல் வழங்கப்பட்டது. 1987-இல் மிகையியக்கமும் பெயருடன் சேர்ந்தது. இது மூளை வளர்ச்சியைச் சார்ந்த குறைபாடு. விருப்பமான விளையாட்டில் மூன்று மணி நேரம் மூழ்கியிருக்கும் சிறுவன் கணக்குப் பாடத்தில் பத்து நிமிடம் உட்கார முடியாமல் தவிக்கிறான். கண்ட பெற்றோர் ‘இவனுக்கு மனமில்லை’ என முடிவு செய்துவிடுகின்றனர். புதுமையோ உடனடிப் பலனோ இல்லாத வேலையில் கவனத்தை நிறுத்துவதுதான் அவனுக்குக் கடினம் என்பது வெளியே தெரிவதில்லை. பெண் குழந்தைகளின் நிலை இன்னும் பரிதாபம். சன்னலைப் பார்த்தபடி அமைதியாக அமர்ந்திருக்கும் மாணவியை யாரும் மருத்துவரிடம் அழைத்து வருவதில்லை. தம் பிள்ளைக்கு நோய் கண்டறியப்படும்போதுதான் தமக்கும் அது இருந்ததை உணரும் தாய்மார்கள் உண்டு.

இத்தகையோரைத் துன்புறுத்தும் எண்ணங்கள் இருவகை. ‘நான் சோம்பேறி, எதற்கும் உதவாதவன்’ என்பது ஒன்று. பிறர் சூட்டிய பெயர் நாளடைவில் சொந்தக் குரலாகிவிட்டது. மற்றொன்று எளிதில் பிடிபடாதது. ‘இன்னும் நேரம் இருக்கிறது, பிறகு பார்த்துக்கொள்ளலாம்’, ‘இதை எழுதிவைக்கத் தேவையில்லை, நினைவிருக்கும்’ என்பன போன்ற எண்ணங்களும் பார்வைக்கு நேர்மறையானவையே. ஆனால் வேலையைத் தள்ளிப்போட வைப்பவை அவைதாம். எனவே எண்ணம் இனிமையாக இருப்பதைவிட உண்மையாக இருப்பதே முக்கியம் என்பது எங்கள் கருத்து.

மின்கட்டணம் கட்ட மறந்து இணைப்புத் துண்டிக்கப்பட்ட ஒருவரை எடுத்துக்கொள்வோம். ‘நான் திறமைசாலி’ என்று அவர் நூறு முறை சொன்னாலும் அவர் மனமே அதை நம்பாது. ‘கட்டணத்தை மறந்தேன், பணம் கையில் இருந்தது, கடைசி நாளை எங்கும் குறிக்கவில்லை’ என்பது அவர் நம்பக்கூடிய வாக்கியம். அடுத்து என்ன செய்வது என்பதும் அதிலேயே அடங்கியிருக்கிறது. இதைப் பழக்கமாக்கிக்கொள்ளலாம். மனத்தில் வைத்துக்கொள்ள முயல வேண்டாம். நினைவில் தேக்கிவைக்கும் ஆற்றலே இங்குத் தளர்ந்திருப்பதால், நல்ல எண்ணமும் கண்ணில் படும் இடத்தில் எழுதப்பட்டிருக்க வேண்டும்.

இதற்கென அழகிய நாட்குறிப்பேடு வாங்காதீர்கள். வாங்குவதிலேயே உற்சாகம் தீர்ந்துபோவதைப் பலமுறை பார்த்திருக்கிறோம். சுவரில் தொங்கும் தினசரி நாட்காட்டி போதும். அன்று செய்து முடித்த ஒரு செயலை இரவில் அந்நாளின் தாளில் ஒரே வரியில் எழுதுங்கள். காலையில் தாளைக் கிழித்து ஒரு உறையில் போடுங்கள். நான்கு நாள் மறந்துபோகும், நிச்சயம் மறந்துபோகும். அந்த நான்கு தாள்களையும் ஒன்றாகக் கிழித்துவிட்டு, அன்றைய தாளிலிருந்து தொடங்குங்கள். விடுபட்டதை நிரப்ப முற்பட்டால் பழக்கம் தண்டனையாகிவிடும்.

குடும்பத்தாருக்கு ஒரு வேண்டுகோள். பிள்ளை பையைச் சரியாக அடுக்கினால், அடுக்கிய அக்கணமே அதைக் குறிப்பிட்டுப் பாராட்டுங்கள்; வாரக் கடைசி வரை காத்திருந்தால் பயன் குறையும். ‘பார், மாத்திரை போட்டதால்தான் ஒழுங்காக இருக்கிறாய்’ என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். அவன் உழைப்பை அவனிடமிருந்து பறிக்கும் சொல் அது. ஒருநாளில் பத்துக் குறைகள் கண்ணில் பட்டாலும், ஒன்றை மட்டும் பேசுங்கள். இது எவ்வளவு கடினம் என்று அறிவோம், குறிப்பாக இந்நோய் குடும்பங்களில் தொடர்ந்து வருவதால் திருத்தும் பெற்றோரே அதே சிரமத்துடன் போராடிக்கொண்டிருக்கக்கூடும்.

இவை எவையும் மருத்துவத்துக்கு மாற்றாகா. மெத்தில்ஃபெனிடேட், அட்டோமோக்செட்டின் போன்ற மருந்துகளை உட்கொள்பவர்கள், மனம் தெளிந்துவிட்டது என்று தாமாக நிறுத்த வேண்டாம். நீங்காத துயரமோ வாழ்வே வேண்டாம் என்ற எண்ணமோ தலைகாட்டினால் அடுத்த சந்திப்பு வரை காத்திராமல் உடனே வாருங்கள். நள்ளிரவாயினும் டெலி மானஸ் சேவையை 14416 என்ற எண்ணில் அழைக்கலாம்.

அடுத்த முறை வரும்போது அந்த நாட்காட்டித் தாள்களையும் எடுத்து வாருங்கள். கசங்கியிருந்தாலும், பாதி நாள்கள் வெறுமையாக இருந்தாலும் பரவாயில்லை. எந்த நேரத்தில், எந்த வேலையில் தடுமாறுகிறீர்கள் என்பதை அவற்றைக் கொண்டு பேசத் தொடங்குவது எங்களுக்கும் எளிது.