ரசீது இருக்கே சார்!

போன ஞாயிற்றுக்கிழமை எனக்கு ஓசியில் ஒரு பீச் டிரிப் அடித்தது. செங்கல்பட்டு ரயில்வே ஸ்டேஷன் வாசலில் வேன். ஏறினதும் தண்ணீர் பாட்டில். திருக்கழுக்குன்றம் தாண்டினதும் எலுமிச்சை சாதம். மாமல்லபுரம் நெருங்கும்போது தலைக்கு ஒரு தொப்பி. இத்தனை உபசாரம் என்றால் ஒன்று, பெண் பார்க்கப் போகிறோம். இல்லை, பிளாட் பார்க்கப் போகிறோம். எனக்கு ஏற்கெனவே கல்யாணம் ஆகிவிட்டது.

வாங்கப் போகிறவன் என் மச்சினன். பணம் என் மாமனாருடையது. ரிடையர் ஆனபோது வந்ததில் மிச்சமிருக்கும் 12 லட்சம். "நீங்க பி.காம். ஆச்சே மாமா, பேப்பரைக் கொஞ்சம் பாருங்க" என்று இழுத்துப் போனான். பி.காம். படித்தவனுக்கு பாலன்ஸ் ஷீட் முதல் பட்டா வரை எல்லாம் அத்துப்படி என்று நம் குடும்பங்களில் ஒரு நம்பிக்கை. நானும் அதைக் கெடுத்துக் கொள்வதில்லை.

இடம் ஜோர். நின்ற இடத்திலிருந்தே அலை தெரிந்தது. எனக்கு உதைத்ததே அதுதான்.

"அப்ரூவல் யார் கொடுத்தது?" என்றேன்.

"பஞ்சாயத்து அப்ரூவ்டு சார்!" என்றார் புரோக்கர், ஜனாதிபதியே கையெழுத்துப் போட்ட மாதிரி.

இங்கேதான் நம்ம ஆட்கள் கோட்டை விடுகிறார்கள். நிலத்தைக் கூறு போட்டு மனைப்பிரிவாக்க, பஞ்சாயத்துத் தலைவரின் சீல் மட்டும் போதாது. 1971-ம் வருஷத்து நகர் ஊரமைப்புச் சட்டப்படி டிடிசிபி அல்லது சிஎம்டிஏ அனுமதி வேண்டும். இது தெரியாமல் ஜி.எஸ்.டி. ரோடு நெடுக வாங்கிப் போட்டவர்களுக்கு 2016 செப்டம்பரில் இடி விழுந்தது. அங்கீகாரமில்லாத மனைகளைப் பதிவு செய்யக் கூடாது என்று சென்னை ஹைகோர்ட் தடை போட்டது. மறு வருஷம் மே மாதம் அரசு வரன்முறை விதிகளைக் கொண்டு வந்தது. அதுவும் 2016 அக்டோபர் 20-க்கு முன்னால் போட்ட மனைப்பிரிவுகளுக்குத்தான். பிற்பாடு போட்டவர்கள் அந்தக் கதவைத் தட்ட முடியாது.

அடுத்தது அலை. 1991 பிப்ரவரியில் மத்திய அரசு போட்ட கடலோர ஒழுங்குமுறை உத்தரவுப்படி, அலை ஏறி வரும் உச்சக் கோட்டிலிருந்து 500 மீட்டர் வரை கட்டுப்பாடு. கிராமப்புறம் என்றால் முதல் 200 மீட்டரில் புது வீட்டுக்கு இடமே கிடையாது. 2019-ல் இதைத் தளர்த்தி, சதுர கிலோமீட்டருக்கு 2161 பேருக்கு மேல் வசிக்கிற கிராமங்களில் மட்டும் 50 மீட்டர் ஆக்கினார்கள். மற்ற கிராமங்களில் அதே 200 மீட்டர்தான். நான் பிளாட்டிலிருந்து ஈர மணல் வரை எட்டு வைத்து எண்ணினேன். நூற்றி நாற்பது எட்டு. சுற்றுமுற்றும் பார்த்தால் சவுக்குத் தோப்பு, இரண்டு ஆடு. 2161 பேர் கண்ணில் படவில்லை.

சரி, கடலை விட்டு மாமல்லபுரம் ஊருக்குள்ளேயே வாங்கலாம் என்றால் அங்கே பல்லவர்கள் காவல் இருக்கிறார்கள். பாதுகாக்கப்பட்ட சின்னத்திலிருந்து 100 மீட்டர் வரை புதுசாகக் கட்டத் தடை. அதற்கு அப்புறம் 200 மீட்டர் வரை அனுமதி வாங்கித்தான் கட்ட வேண்டும்.

புரோக்கர் அசரவில்லை. பையிலிருந்து பிரம்மாஸ்திரத்தை எடுத்தார். "பக்கத்து பிளாட்ல வீடே கட்டிட்டாங்க சார். வீட்டு வரி ரசீது இருக்கே, பாருங்க!"

மச்சினன் முகம் மலர்ந்தது. நான் தனியே கூப்பிட்டுச் சொன்னேன்: "மாப்ளே, டிக்கெட் இல்லாம ரயில்ல போய் அபராதம் கட்டினா, அதுக்கும் ரசீது உண்டு. அதைக் காட்டி பெர்த் கேக்க முடியுமா?" வரி என்பது கட்டடம் நிற்கிறது என்பதற்காக வாங்குவது. அது பட்டாவும் ஆகாது, பிளான் அப்ரூவலும் ஆகாது.

நம்பாதவர்கள் கொச்சி பக்கம் மரடு கதையைக் கேட்கலாம். 2006-ல் பஞ்சாயத்து பர்மிட் கொடுத்தது. அடுக்குமாடிகள் எழும்பின. ஜனங்கள் குடியேறினார்கள், வரியும் கட்டினார்கள். கடலோர விதியை மீறிய கட்டடம் என்று 2019 மே மாதம் சுப்ரீம் கோர்ட் இடிக்கச் சொன்னது. 2020 ஜனவரி 11, 12 தேதிகளில் நாலு அடுக்குமாடியும் வெடி வைத்துத் தகர்க்கப்பட்டன. டி.வி.யில் நாமெல்லாம் வேடிக்கை பார்த்தோம். இடைக்கால நஷ்டஈடு 25 லட்சம் தரச் சொன்னது கோர்ட். பர்மிட் கொடுத்தது யாரோ; சட்டி பானையைத் தூக்கிக் கொண்டு தெருவுக்கு வந்தது வாங்கினவர்கள்.

அதனால் கடல்காற்றுக்கு ஆசைப்படும் நண்பர்களே, அட்வான்ஸுக்கு முன்னால் மூன்று கேள்வி: டிடிசிபி அல்லது சிஎம்டிஏ நம்பர் என்ன? கடலோர மண்டல வரைபடத்தில் இந்த சர்வே நம்பர் எங்கே வருகிறது? இதற்கு பேங்க் லோன் கிடைக்குமா? மூன்றாவதுக்கு புரோக்கர் இருமினால் எலுமிச்சை சாதத்தோடு திரும்பி விடுங்கள்.

மச்சினன் ஒருவழியாகத் தலையாட்டினான். அப்புறம் மெதுவாக, "மாமா... நேத்தே அஞ்சாயிரம் டோக்கன் கொடுத்துட்டேன்" என்றான்.

புரோக்கரிடம் போய்த் திருப்பிக் கேட்டோம். அவர் தொப்பியைச் சரி செய்து கொண்டு, ரொம்பப் பணிவாகக் கேட்டார்:

"ரசீது இருக்கா சார்?"