சிவாவைத் திருப்பிப் படி!

முதல்ல ஒரு க்ளூ. 'சிவாவைத் திருப்பிப் படி (2)'. விடை ரெண்டே எழுத்து. யோசிச்சுட்டே வாங்க மக்களே!

இதை என்கிட்ட கேட்டவர், ஆவடி லோக்கல்ல எதிர் சீட்டுல உட்காருகிற அங்கிள். டாங்கி ஃபேக்டரியில வேலை பார்த்து ரிட்டயர் ஆகி, இப்போ பாரிமுனையில ஒரு கடைக்குக் கணக்கு எழுதப் போறவர். கூடவே ஏறுகிற ஒரு அண்ணன், அம்பத்தூர் எஸ்டேட்ல வேலை, பட்டரவாக்கத்துல இறங்கிடுவார். அம்பத்தூர்ல ஏறுவது ஒரு பேங்க் ஆன்ட்டி. இந்த மூணு பேருக்கும் சேர்த்து ஒரே ஒரு 'தி ஹிண்டு'. அதை நாலா மடிச்சு, குறுக்கெழுத்துப் பக்கத்தை மட்டும் மேல வச்சு, ஒரே பேனாவால போடுவாங்க.

ப்ளஸ் டூ வரைக்கும் நான் தமிழ் மீடியம். டிக்‌ஷனரியை முழுங்கினவங்களுக்கான சமாசாரம் இதுன்னு நினைச்சு, காதுல ஹெட்போனை மாட்டிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிப்பேன். ஒருநாள் அங்கிளே கூப்பிட்டார். "தம்பி, இது இங்கிலீஷ் டெஸ்ட் இல்ல. படிக்கிற டெஸ்ட். தமிழ்லயே ஒண்ணு தரேன், போடு பார்ப்போம்." அப்படி வந்ததுதான் சிவா.

"சிவான்னா... சிவகார்த்திகேயனா அங்கிள்?" என்றேன். மொத்த கம்பார்ட்மென்ட்டும் சிரிச்சுது. செம பல்பு!

மேட்டர் இதுதான். சாதாரணக் குறுக்கெழுத்துல க்ளூ நேரா கேட்கும், நாம பதில் எழுதுவோம். கிரிப்டிக் வகையில ஒரே வாக்கியத்துக்குள்ள ரெண்டு வழி இருக்கும். ஒரு ஓரத்துல விடையோட அர்த்தம். மிச்சத்துல அந்தச் சொல்லை எப்படிக் கட்டணும்கிற செய்முறை. ரெண்டும் ஒரே சொல்லுல வந்து முட்டணும். 'சிவா'வைத் திருப்பினா 'வாசி'. வாசின்னா படி. அவ்வளவுதான்! வாக்கியமா படிச்சா ஒரு கதை, எழுத்தா படிச்சா வேற கதை. 'தலையில்லாத'ன்னா முதல் எழுத்து அவுட். 'வாலறுந்த'ன்னா கடைசி எழுத்து அவுட். 'குழம்பிய'ன்னா எழுத்துகளைக் கலைச்சுப் போடணும். தமிழ்ல உயிர்மெய்யும் ஒரு கட்டம், புள்ளி வச்ச எழுத்தும் ஒரு கட்டம்.

இது நம்ம அங்கிள் கண்டுபிடிப்பு இல்லை. 1913-ல் நியூயார்க்ல ஆர்தர் வின் முதல் குறுக்கெழுத்தைப் போட்டார். கிரிப்டிக் ஆக்கியவங்க இங்கிலாந்துக்காரங்க. தமிழ்லயும் ஆள் இருக்காங்க. அமெரிக்காவிலிருந்து வரும் 'தென்றல்' மாத இதழுக்காக வாஞ்சிநாதன் இப்படிப்பட்ட புதிர்களை அமைச்சிருக்கார்.

இந்த ரயில் கோஷ்டிக்கு ஒரு சட்டம் உண்டு. விடை கிடைச்சவங்க அதை உடனே உளறக் கூடாது. 'கிடைச்சிருச்சு'ன்னு மட்டும் சொல்லணும். அடுத்த ஸ்டேஷன் வரைக்கும் மத்தவங்களுக்கு டைம். அப்புறமும் விடையை மட்டும் சொன்னா செல்லாது, ஏன்னு சொல்லணும்.

'பசு பக்கத்தில் கஞ்சியை இறு, டாங்கி செய்யும் ஊர் (3)'னு அடுத்த நாள் கேட்டார். நான் சட்டுனு "ஆவடி!" என்றேன். "ஏன்?" என்றார். டாங்கின்னா ஆவடிதானே, இதுல ஏன் என்ன? "அப்போ உனக்குப் பாதி மார்க்" என்றார். கொரட்டூர்ல உறைச்சுது. பசுன்னா 'ஆ', கஞ்சியை இறுக்குறதுன்னா 'வடி'!

அந்தப் பாதி மார்க் எனக்குப் பழக்கமானது. போன செமஸ்டர் வைவாவுல ஒரு சர்க்யூட்டோட விடையைக் கரெக்டா சொன்னேன். "எப்படி வந்தது?"ன்னு எக்ஸ்டர்னல் கேட்டதும் ஃபேன் சத்தம் மட்டும்தான் கேட்டுது. கொஸ்டின் பேங்க்கை மனப்பாடம் பண்ணிட்டுப் போன எனக்கு விடை தெரியும், வழி தெரியாது. நம்மில் பாதிப் பேர் கதை இதுதானே பாஸ்?

தைரியம் வந்து நானே ஒரு க்ளூ எழுதிட்டுப் போனேன். 'பாதி அம்மா, பத்து ஊர் சேர்ந்தால் ரயில் நிற்கும் (6)'. விடை அம்பத்தூர். ஆன்ட்டி உடனே மடக்கினார்: "அம்மாவுல மூணு எழுத்துப்பா. பாதின்னா ஒன்றரையா?" இறங்குற அவசரத்துலயும் அந்த அண்ணன் திருத்தம் சொல்லிட்டுப் போனார்: "'வாலறுந்த அம்மா'ன்னு போடு தம்பி." அம் + பத்து + ஊர். இப்போ நியாயமா இருக்கு. ஏமாத்தலாம், ஆனா பொய் சொல்லக் கூடாது. க்ளூ எழுதுறவங்களுக்கு அதுதான் தர்மமாம்.

அங்கிள் சொன்ன ஒரு கதை மட்டும் இன்னும் மனசுல நிக்குது. இங்கிலாந்துல ஜான் கிரஹாம்னு ஒரு பாதிரியார். 'அரௌகாரியா' என்ற புனைபெயர்ல 'கார்டியன்' நாளிதழுக்குப் பல வருஷம் புதிர் போட்டவர். 2013 ஜனவரியில, 91 வயசுல, அவர் போட்ட ஒரு புதிரோட தலைக்குறிப்பு இப்படி இருந்துது: அரௌகாரியாவுக்கு இந்தக் கட்டத்தில் உள்ளது வந்திருக்கிறது, அந்தக் கட்டத்தில் உள்ளதால் சிகிச்சை நடக்கிறது. கட்டங்களை நிரப்பியவங்களுக்குக் கிடைச்ச சொற்கள்: புற்றுநோய், உணவுக்குழாய், வலி தணிக்கும் சிகிச்சை. தன்னோட முடிவைக்கூட அவர் நேரா சொல்லலை. தன் வாசகர்கள் தாங்களே வந்து சேரட்டும்னு விட்டார். அந்த நவம்பர்ல இறந்துட்டார்.

கதையை முடிச்சப்போ வில்லிவாக்கம் தாண்டியிருந்துது. ஆன்ட்டி பேனாவை மூடி வச்சுட்டார். பேசின் பிரிட்ஜ் வரைக்கும் யாரும் பேசலை.

நான் ஒண்ணும் புலி ஆகிடலை. இங்கிலீஷ் புதிர்ல இன்னும் நாலஞ்சு க்ளூதான் தேறுது. ஆனா லேப்ல ரீடிங் சரியா வந்தாலும், 'ஏன்?'னு என்னை நானே ஒரு தடவை கேட்டுக்கறேன். அடுத்த வைவாவுக்கு அது போதுமான்னு மே மாசம் தெரியும்.

அதுவரைக்கும் உங்களுக்கு ஒண்ணு: 'குழம்பிய நகரம், பாவிகள் போய்ச் சேருமிடம் (4)'. கிடைச்சதும் பக்கத்துல இருக்கிறவங்ககிட்ட உளறாதீங்க. அடுத்த ஸ்டேஷன் வரட்டும்!