கடித உறையும் திகம்பர சாமியாரும்

சனிக்கிழமை பின்னேரம் படலையில் சைக்கிள் மணி கேட்டது. வந்த தம்பி ஒரு வெளியீட்டு விழா அழைப்பிதழை நீட்டினார். ‘சிறப்புப் பிரதி பெறுவோர்’ வரிசையில் ஏழாவதாக என் பெயர். ஒரு சொல் கேட்காமலே அச்சடித்துவிட்டார்கள்.

சிறப்புப் பிரதி என்றால் எனக்கு வரும் கொதி இப்பத்தியின் வாசகருக்குப் பழகியதுதான். மேடையேறி, படத்துக்கு நின்று, கடித உறையை எழுத்தாளரின் கையில் வைக்கவேண்டும். புத்தக விலை 800 என்றால் உறைக்குள் ஆயிரமா, ஐயாயிரமா? உடுப்பிட்டியில் கலியாண வீட்டு மொய்க்குக்கூட ஒரு கணக்கு உண்டு. இதற்கு இல்லை.

“என்ன புத்தகம் தம்பி?”

“மர்மக்கதை ஐயா. பென்சன் காசிலை 500 அடிச்சவர்.”

கொதி பாதியில் இறங்கிவிட்டது. வடுவூர் துரைசாமி அய்யங்கார் நினைவுக்கு வந்துவிட்டார்.

எங்கள் அம்மம்மாவுக்கு அவர் எழுதிய ‘கும்பகோணம் வக்கீல்’ என்றால் உயிர். மட்டை போய், கோதுமைமாப் பசையில் நிற்கிற புத்தகம். விளக்கு வைத்தபின் நான் வாசிக்க, அவ பாக்கு வெட்டிக்கொண்டு கேட்பா. திகம்பர சாமியார் துப்பறிய வந்தால் பாக்குவெட்டி நின்றுவிடும்.

1880இல் பிறந்த அய்யங்கார் ரெயினால்ட்ஸின் ஆங்கிலக் கதைகளைத் தழுவி எழுதியவர். அதற்காகப் பண்டிதர்களிடம் ஏச்சும் வாங்கியவர். வாசகர்களோ வாங்கித் தள்ளினார்கள். ‘மனோரஞ்சனி’ என்று சொந்த மாத இதழ், திருவல்லிக்கேணியில் வீடு. ‘மேனகா’ 1935இல் படமானது.

இப்படி வாசகரின் நாடி பிடித்த மனுசன், ஆங்கிலத்தில் தலையணைப் பருமனில் ஓர் ஆராய்ச்சி நூல் எழுதினார். ஆரியர், இயேசு, அல்லா எல்லோரைப் பற்றியும் அதிசயக் கண்டுபிடிப்புகள். அய்யங்கார்களின் பூர்வீகம் எகிப்து என்றும் ஒரு போடு. சொந்தக் காசில் அச்சடித்தார். விற்கவில்லை. வீடு விலைப்பட்டது. 1942இல் காலமானார். நம்பியார் வேசத்துக்கு மேல் வேசம் போட்ட ‘திகம்பர சாமியார்’ படம் 1950இல்தான் வந்தது.

சிரிக்கலாம். எனக்கு வாய் வருவதில்லை. வக்கீலும் சாமியாரும் அவருக்கு வயிற்றுப்பாடு. தான் படித்த மனுசன் என்று பண்டிதர்களுக்குக் காட்ட அந்தத் தலையணைதான் இருந்தது என்று நினைக்கிறேன். ஒரு மர்மக்கதைக்காரனுக்கு நாம் அந்த மரியாதையை முன்னமே கொடுத்திருந்தால், வீடு மிஞ்சியிருக்கும்.

என் கட்டிலுக்குக் கீழேயும் மூன்று பெட்டி இருக்கிறது. வடமராட்சிக் கிணறுகளைப் பற்றிய என் ஆராய்ச்சி. ஒரு பெட்டியைக் கறையான் வாசித்து முடித்துவிட்டது. மற்ற இரண்டுக்கும் அடியில் செங்கல் வைத்திருக்கிறேன்.

ஞாயிறு விழாவுக்குப் போகிறேன். உறைக்குள் ஐயாயிரம். வீட்டில் ஆயிரம் என்று சொல்லியிருக்கிறேன். அவ இப்பத்தி வாசிப்பதில்லை.